எடையா, கொள்ளளவா? பவர் பேங்க் தேர்வுக்கு ஓர் ஒப்பீடு

பவர் பேங்க் வாங்க முனைபவர்களில் பெரும்பாலோருடைய தேவை ஒன்றுதான்: பையில் இருப்பதே தெரியாத அளவுக்கு இலேசாக இருக்க வேண்டும், ஆனால் இரண்டு மூன்று நாள்களுக்குத் தொலைபேசியை உயிரோடு வைத்திருக்கவும் வேண்டும். இந்த இரண்டு விருப்பங்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால்தான் 5,000, 10,000, 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று வரிசையாக நிற்கும் எண்களுக்கு முன்னால் பலர் முடிவெடுக்க முடியாமல் தயங்குகிறார்கள். பவர் பேங்கின் எடையில் பெரும்பங்கு அதற்குள் இருக்கும் லித்தியம்-அயான் செல்களின் எடையே. ஒரு கிராம் செல் எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்பதற்கு வேதியியல் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. உறையை மெல்லியதாக்கலாம், சுற்றுப்பலகையைச் சிறிதாக்கலாம். அந்த எல்லையை மட்டும் எந்த நிறுவனத்தாலும் தாண்ட முடியாது. ஆகவே நாம் தீர்மானிக்க வேண்டியது, நமக்கு உண்மையில் எவ்வளவு ஆற்றல் தேவை, அதற்காக எத்தனை கிராம் சுமக்கச் சம்மதம் என்பதைத்தான்.

## முதலில் அளவுகோல்கள்

வாட்-மணி (சேமித்துள்ள ஆற்றலின் அலகு). பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எம்ஏஎச் எண், உள்ளே இருக்கும் செல்லின் மின்னழுத்தத்தில் கணக்கிடப்பட்டது. அது பெரும்பாலும் 3.7 வோல்ட். தொலைபேசிக்கு மின்சாரம் வெளியேறுவதோ 5 வோல்ட்டிலோ 9 வோல்ட்டிலோ. எனவே எம்ஏஎச் எண்களை அப்படியே ஒப்பிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும். எம்ஏஎச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட்-மணி. 20,000 என்பது 74. தொலைபேசியின் பேட்டரியையும் இதே வழியில் கணக்கிட்டால் (அதற்கு 3.85 வோல்ட் அளவில் எடுத்துக்கொள்ளலாம்) 5,000 எம்ஏஎச் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி ஆகும். இவ்வாறு இரண்டையும் ஒரே அலகில் வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக அமையும்.

சென்று சேரும் ஆற்றல். செல்லில் உள்ள 3.7 வோல்ட்டை 5 அல்லது 9 வோல்ட்டாக உயர்த்தும்போது ஒரு பகுதி வெப்பமாகிப் போய்விடும். நல்ல சுற்றமைப்பு கொண்ட பவர் பேங்கில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளியே வருகிறது என்று கொள்ளலாம். தொலைபேசி அதை வாங்கித் தன் பேட்டரியில் சேர்க்கும்போது மேலும் பத்து விழுக்காடு அளவில் கழியும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் தொலைபேசியை இரண்டு முறை நிரப்பும் என்று எதிர்பார்த்தவர்கள் ஒன்றரை முறையோடு நின்றுபோவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக நினைப்பதற்குக் காரணம் இந்த இழப்புகளே. பெரும்பாலான பவர் பேங்குகளின் உடலில் பொடி எழுத்தில் ‘மதிப்பிடப்பட்ட கொள்ளளவு’ என்று இன்னோர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் அது 5 வோல்ட்டுக்கு 5,800 முதல் 6,500 வரை இருந்தால் தயாரிப்பாளர் உள்ளதைச் சொல்கிறார் என்று பொருள்.

100 கிராமுக்கு எத்தனை வாட்-மணி. இலேசான பவர் பேங்கைத் தேடுபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் அளவுகோல் இதுதான். வாட்-மணியை எடையால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். சாதாரணப் பவர் பேங்குகள் 13 முதல் 21 வரை காட்டும். எடைக் குறைப்பையே நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டவை 24, 25 வரை போகும். பரவலாகப் பயன்படும் 21700 வகை உருளைச் செல் ஒன்று 5,000 எம்ஏஎச் கொள்ளளவும் ஏறத்தாழ 70 கிராம் எடையும் கொண்டது. உறையோ சுற்றுப்பலகையோ இல்லாத வெறும் செல்லுக்கே 100 கிராமுக்கு 26 வாட்-மணிதான் வருகிறது என்றால், 200 கிராம் எடையில் 30,000 எம்ஏஎச் என்று விற்கப்படும் பொருளைப் பற்றி மேலும் ஆராயத் தேவையில்லை. அந்தக் கொள்ளளவுக்குச் செல்கள் மட்டுமே 400 கிராமைத் தாண்டிவிடும். உள்ளே அவ்வளவு செல் இல்லை என்பது உறுதி.

இருபுற வேகம். தொலைபேசியை எவ்வளவு விரைவாக நிரப்புகிறது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். பவர் பேங்க் தன்னைத் தானே எவ்வளவு விரைவாக நிரப்பிக்கொள்கிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. பயணத்தில் இரண்டாவதுதான் அதிகம் சோதிக்கும்.

இரண்டு சுவர்ச் செருகிகளுக்கு இடைப்பட்ட காலம். ஒரு நாளில் எத்தனை விழுக்காடு பேட்டரியைச் செலவிடுகிறீர்கள், ஒரு செருகியை விட்டு அடுத்த செருகியை அடைய எத்தனை நாள் ஆகும் என்ற இரண்டு விவரங்கள் தெரிந்தால் தேவையான கொள்ளளவு தானாகவே கிடைத்துவிடும். பலர் இதைக் கணக்கிடாமல், ‘இருக்கட்டுமே’ என்று பெரியதை வாங்கி, கனம் தாளாமல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். கையில் இல்லாத பவர் பேங்கின் கொள்ளளவு பூஜ்யம்.

## ஒரே பார்வையில்

கீழே உள்ள எடைகள் சந்தையில் பொதுவாகக் காணப்படும் வரம்புகள். ‘எத்தனை முறை’ என்பது 5,000 எம்ஏஎச் தொலைபேசியைக் கம்பி வழியாக வெற்று நிலையிலிருந்து நிரப்புவதற்கான தோராயக் கணக்கு. நீங்கள் தொலைபேசியைப் பயன்படுத்திக்கொண்டே சார்ஜ் ஏற்றினால் இது மேலும் குறையும்.

| கொள்ளளவு | வாட்-மணி | எடை | எத்தனை முறை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| 5,000 எம்ஏஎச் | 18.5 | 100–140 கிராம் | முக்கால் | மாலைக்குள் வீடு திரும்புபவர் |
| 10,000 எம்ஏஎச் | 37 | 150–250 கிராம் | ஏறத்தாழ ஒன்றரை | ஒரு நாள் முதல் இரண்டரை நாள் வரை வெளியே இருப்பவர் |
| 20,000 எம்ஏஎச் | 74 | 300–450 கிராம் | மூன்றுக்குச் சற்றுக் குறைவு | மூன்று நான்கு நாள் மின்சாரமில்லாப் பயணம், குடும்பம் |
| 26,800–27,000 எம்ஏஎச் | 99–99.9 | 450–650 கிராம் | ஏறத்தாழ நான்கு | மடிக்கணினியையும் சேர்த்து இயக்குபவர் |

## 5,000 எம்ஏஎச்: சட்டைப்பைக்குரியது

இந்த அளவின் பெருமை, எப்போதும் உடன் வரும் என்பதே. மாலை ஐந்து மணிக்குப் பேட்டரி பதினைந்து விழுக்காட்டில் நிற்கிறது, வீடு சேர மூன்று மணி நேரம் ஆகும் என்ற நிலைமைக்கு இது முழுமையாகப் போதும். ஆனால் கிராமுக்குக் கிடைக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால் எல்லாவற்றிலும் பின்தங்குவதும் இதுவே. உறை, சுற்றுப்பலகை, செருகுவாய் ஆகியவற்றின் எடை 5,000-க்கும் 10,000-க்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், சிறிய பவர் பேங்கில் அந்த நிலையான எடை பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. கொள்ளளவு பாதியாகிறது, எடை பாதியாவதில்லை.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். அதே இடத்தில் அதிக ஆற்றலை அடக்கும் சிலிக்கான்-கார்பன் வகைப் பேட்டரிகள் வந்த பிறகு 6,000, 7,000 எம்ஏஎச் தொலைபேசிகள் சாதாரணமாகிவிட்டன. அப்படிப்பட்ட தொலைபேசியை 5,000 எம்ஏஎச் பவர் பேங்க் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்பும். அந்தத் தொலைபேசி வைத்திருப்பவர் ஒரு நாள் தேவைக்குப் பவர் பேங்கே இல்லாமல் இருக்கலாம் என்பதும் உண்மை. இரண்டு நாள் தேவை என்றால் அவர் நேராக 10,000-க்குப் போவதே பொருத்தம். 12, 13 வாட்-மணி அளவிலான சிறிய பேட்டரி கொண்ட தொலைபேசி வைத்திருப்பவருக்கோ 5,000 எம்ஏஎச் ஒரு முழு நிரப்பலைத் தருவதால், அவருக்கு இது நல்ல தேர்வு.

## 10,000 எம்ஏஎச்: பெரும்பாலோருக்கான விடை

என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன்: குறிப்பிட்ட காரணம் ஏதும் இல்லாதவர்கள் 10,000 எம்ஏஎச் வாங்குவதே சரி. எடைக்கும் பயனுக்கும் இடையிலான விகிதம் இந்த அளவில்தான் நன்றாக அமைகிறது. இரண்டு 21700 செல்கள், அல்லது தட்டையான பாலிமர் செல்கள், ஒரு சிறிய சுற்றுப்பலகை, மெல்லிய உறை என்று சுருக்கமாகக் கட்ட முடிவதால் தயாரிப்பாளர்கள் எடைக்குறைப்புக்கான உழைப்பைப் பெரும்பாலும் இந்த அளவில்தான் செலுத்துகிறார்கள். நைட்கோர் நிறுவனத்தின் என்பி10000 கார்பன் நார் உறையோடு 150 கிராம் எடையில் வந்தபோது, தோளில் சுமந்து நெடுந்தூரம் நடப்பவர்களிடையே அது விரைவாகப் பரவியதற்குக் காரணம் அந்த எண்தான். 37 வாட்-மணியை 150 கிராமில் அடக்குவது, மேலே சொன்ன வெறும் செல்லின் எல்லைக்கு வெகு அருகில் போய் நிற்பது. சாதாரண 10,000 எம்ஏஎச் பவர் பேங்குகள் 200 கிராமை ஒட்டி இருக்கின்றன.

அந்த ஐம்பது கிராமுக்காக அதிகம் செலவிடலாமா? முதுகில் எல்லாவற்றையும் சுமந்து நாள் முழுதும் நடப்பவர் என்றால் தயங்காமல் செலவிடலாம். அவர் ஏற்கெனவே பல் துலக்கும் தூரிகை வரை எடை பார்ப்பவராக இருப்பார். அலுவலகப் பையில் மடிக்கணினியோடு சேர்த்துக் கொண்டுபோகிறவருக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது; அவர் அந்தப் பணத்தை நல்ல சுற்றமைப்பு, வேகமான உள்வாங்கல், நம்பத்தகுந்த உத்தரவாதம் ஆகியவற்றுக்குக் கொடுப்பது நல்லது. மிக இலேசான வடிவமைப்புகளில் சில விட்டுக்கொடுப்புகளும் உண்டு. திரை இருக்காது, மீதியைச் சொல்ல மூன்று நான்கு விளக்குகள் மட்டுமே இருக்கும், உறை மெல்லியது என்பதால் கீழே விழும்போது உள்ளிருக்கும் செல்லுக்கு அதிகக் காப்பு கிடையாது.

இந்த அளவில் 20 வாட் வெளியீடு கட்டாயம் இருக்க வேண்டும். 30 வாட் இருந்தால் நல்லது. யுஎஸ்பி-சி செருகுவாய் உள்வாங்கவும் வெளிவிடவும் இரண்டுக்கும் பயன்பட வேண்டும். பழைய மைக்ரோ-யுஎஸ்பி வழியாக 10 வாட்டில் மட்டும் நிரம்பும் பவர் பேங்குக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 18–20 வாட்டில் உள்வாங்குவது இரண்டரை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு சிற்றுண்டி விடுதியில் உட்கார்ந்து எழும் நேரத்துக்குள் பாதி நிரம்பிவிடுமா என்பது பயணத்தில் பெரிய வேறுபாடு; அப்படி நிரம்பும் 10,000, விரைவில் நிரம்பாத 20,000-ஐ விடப் பல நேரங்களில் அதிகம் உதவும்.

## 20,000 எம்ஏஎச்: தேவை உறுதியானால் மட்டும்

300 கிராமுக்குக் குறைந்த 20,000 எம்ஏஎச் பவர் பேங்குகள் அரிதாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவை 350 முதல் 450 கிராம் வரை இருக்கின்றன. அதாவது இரண்டு தொலைபேசிகளின் எடைக்குச் சமம். ஆனால் கிராமுக்குக் கிடைக்கும் ஆற்றலில் இது 10,000-ஐ விடக் குறைந்ததல்ல. 350 கிராமில் 74 வாட்-மணி என்றால் 100 கிராமுக்கு 21 வருகிறது. ஆகவே உண்மையிலேயே அவ்வளவு ஆற்றல் தேவைப்படுபவருக்கு இது திறமையான பொருளே.

யாருக்குத் தேவை? மூன்று நான்கு நாள்கள் மின்சாரம் எட்டாத இடத்தில் இருப்பவர், நாள் முழுதும் வழிகாட்டி வரைபடத்தை எரியவிட்டு ஓட்டுபவர், படம்பிடிப்பவர், இரண்டு மூன்று தொலைபேசிகளை ஒரே பவர் பேங்கில் நம்பியிருக்கும் குடும்பம், அடிக்கடி நெடுநேர மின்வெட்டு ஏற்படும் பகுதியில் வசிப்பவர். கடைசியில் சொன்னவருக்கு எடை ஒரு பொருட்டே அல்ல. மேசையில் வைத்துப் பயன்படுத்துபவர் இலேசான பவர் பேங்குக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

இந்த அளவில் மறைந்திருக்கும் சுமை, நிரப்பும் நேரம். 74 வாட்-மணியை 10 வாட்டில் நிரப்ப ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். இரவு பதினொரு மணிக்கு விடுதிக்கு வந்து காலை ஆறு மணிக்குக் கிளம்புபவருக்கு அது ஒருபோதும் முழுமையாக நிரம்பாது. அவர் 450 கிராமைச் சுமந்துகொண்டு 300 கிராமின் பயனை மட்டும் பெறுவார். எனவே 20,000 வாங்குவது என்று தீர்மானித்தால், 30 வாட்டுக்குக் குறையாமல் உள்வாங்கும் திறன் உள்ளதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டது மூன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆனால் சுவரில் செருகும் அடாப்டரும் 30 வாட் தருவதாக இருக்க வேண்டும். அந்த அடாப்டரின் எடையும் விலையும் இந்தக் கணக்கில் சேரும்.

## 27,000 எம்ஏஎச்

எண் இப்படி விந்தையாக 26,800 அல்லது 27,000-இல் நிற்பதற்கு விமான விதிகளே காரணம். 27,000-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 99.9 வாட்-மணி, தனி அனுமதியின்றி விமானத்தில் எடுத்துச் செல்லும் உச்சவரம்பு 100 வாட்-மணி. தொலைபேசி மட்டுமே வைத்திருப்பவர் இதை வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. 65 வாட் அல்லது 100 வாட் வெளியீட்டோடு மடிக்கணினியை இயக்க வேண்டியவருக்கு மட்டுமே இந்த அரைக் கிலோ பொருந்தும்.

## ஒரு 20,000-ஆ, இரண்டு 10,000-ஆ?

பலர் யோசித்துப் பார்க்காத வழி இது. எனக்கோ இதுவே பல சூழல்களில் மேலானதாகத் தோன்றுகிறது. நூற்றைம்பது முதல் இருநூறு கிராம் எடையுள்ள இரண்டு 10,000 எம்ஏஎச் பவர் பேங்குகளின் மொத்த எடை 300 முதல் 400 கிராம். அது ஒரு 20,000-இன் எடைதான். நகருக்குள் சுற்றும் நாளில் ஒன்றை மட்டும் எடுத்துப்போகலாம். நெடும்பயணத்துக்கு இரண்டையும் கட்டிக்கொள்ளலாம். ஒன்று பழுதானாலும் தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும். மலையேற்றத்திலோ தனியான பயணத்திலோ தொலைபேசிதான் வரைபடமும் அவசர அழைப்பும் என்ற நிலையில் இந்த மாற்று ஏற்பாடு பெரிய நிம்மதி. கணவனும் மனைவியும் வேறு வேறு திசையில் போக நேர்ந்தால் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அடாப்டர்கள் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டின் விலை பெரும்பாலும் ஒரு பெரியதன் விலையை விட அதிகமாக இருக்கும். கம்பிகள் இரண்டு வேண்டும். நிரப்ப மறக்காமல் இருக்க வேண்டிய பொருள்களும் இரண்டு. ஒரே செருகியும் ஒரே அடாப்டரும்தான் கிடைக்கும் என்றால் இரவில் எழுந்து மாற்றிச் செருக வேண்டியிருக்கும். தவிர, சில விமான நிறுவனங்கள் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே என்று விதித்திருப்பதால் அடிக்கடி பறப்பவர் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

## காந்தத்தால் ஒட்டும் கம்பியில்லா வகை

ஐபோன் 12-உடன் 2020-இல் மேக்சேஃப் என்ற காந்த இணைப்பு வந்ததும், 2023-இல் அதே காந்த அமைப்பைத் தழுவிய ச்சி2 (Qi2) என்ற கம்பியில்லாச் சார்ஜ் தரம் வந்ததும் இந்த வகையைப் பெருக்கியிருக்கின்றன. பின்பக்கம் ஒட்டிவிட்டுப் பேசிக்கொண்டே நடக்கலாம் என்பது உண்மையான வசதி. அந்த வசதிக்கான விலை ஆற்றலில் செலுத்தப்படுகிறது. சுருளுக்குச் சுருள் தாவும்போது கால் பங்குக்கும் மேல் வெப்பமாகிறது. ஆகவே 5,000 எம்ஏஎச் காந்தப் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் தொலைபேசியைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்புவதே பெரிது. அந்த வெப்பம் நேராகத் தொலைபேசியின் முதுகில் சேர்வதால் சார்ஜ் ஏறும் வேகத்தைத் தொலைபேசி தானே குறைத்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் வேகம் இன்னும் குறையும். எடை குறைவும் கொள்ளளவும்தான் உங்கள் முதல் தேவை என்றால் இந்த வகை பொருந்தாது. வாங்கினாலும், அவசரத்துக்குக் கம்பி செருகும் வாய் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

## சூரிய ஒளித் தகடு கொண்டவை

இவற்றைத் தவிர்க்கும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பவர் பேங்கின் முதுகில் பொருந்தும் 15 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் கொண்ட தகட்டின் மேல் உச்சி வெயிலில் விழும் மொத்த ஆற்றலே 12 வாட்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 2.4 வாட். 74 வாட்-மணியை நிரப்ப முப்பது மணி நேரத்துக்கு மேல் மேகமில்லாத உச்சி வெயில் வேண்டும். சாய்ந்த ஒளி, நிழல், பையின் ஆட்டம் எல்லாம் சேர்ந்தால் அது பல மடங்காகும். அதற்குள் லித்தியம் செல்கள் வெயிலில் வெந்து ஆயுளை இழக்கும். உண்மையிலேயே வெயிலை நம்ப வேண்டிய பயணம் என்றால், மடித்து விரிக்கும் தனித் தகட்டை வெயிலிலும் சாதாரணப் பவர் பேங்கை நிழலிலும் வைப்பதே முறை.

## பாதுகாப்பான வேதியியல் வகைகள்

லித்தியம் இரும்புப் பாஸ்ஃபேட் செல்கள் எளிதில் தீப்பற்றாதவை. இரண்டாயிரம் சுழற்சிகளையும் (முழுமையாக நிரப்பித் தீர்ப்பது ஒரு சுழற்சி) தாண்டி உழைக்கக்கூடியவை. சாதாரண லித்தியம்-அயான் செல்லோ ஐந்நூறு சுழற்சிகள் அளவில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆனால் இரும்புப் பாஸ்ஃபேட் செல்லின் மின்னழுத்தம் 3.2 வோல்ட் மட்டுமே. ஒரே ஆற்றலுக்கு எடை குறிப்பிடத்தக்க அளவு கூடும். சோடியம்-அயான் வகை இன்னும் கனமானது. ஜப்பானின் எலிகாம் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட 9,000 எம்ஏஎச் சோடியம்-அயான் பவர் பேங்க் ஏறத்தாழ 350 கிராம். அந்த எடையில் சாதாரண வகையில் 20,000 எம்ஏஎச் கிடைக்கும். கடும் குளிரில் வேலை செய்பவருக்குச் சோடியம்-அயான் வகையும், வீட்டில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பயன்படுத்துபவருக்கு இரண்டு வகைகளும் நன்று. தோளில் சுமப்பவருக்கு இன்றைய நிலையில் பொருந்தவில்லை.

## விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்

முதலாவது, தொலைபேசியின் சொந்த வேக முறை. சில நிறுவனங்களின் தொலைபேசிகள் 65, 80, 100 வாட் வேகத்தில் நிரம்புவது அவற்றின் சொந்த அடாப்டரிலும் சொந்தக் கம்பியிலும் மட்டுமே. பொதுவான யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் இயங்கும் பவர் பேங்கைச் செருகினால் அவை வெகுவாக வேகம் குறைந்துவிடும். சாம்சங் தொலைபேசிகளின் மீவேக முறைக்கு, மின்னழுத்தத்தைச் சிறு சிறு படிகளாக மாற்றும் பிபிஎஸ் வசதி பவர் பேங்கில் இருக்க வேண்டும். ஆகவே ‘100 வாட்’ என்ற எழுத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் தொலைபேசி எந்த முறையை, எத்தனை வாட் வரை ஏற்கிறது என்று பார்ப்பது பணத்தையும் எடையையும் மிச்சப்படுத்தும். தொலைபேசி 25 வாட்டுக்கு மேல் வாங்காது என்றால், 65 வாட் பவர் பேங்கின் கனமான சுற்றமைப்பைச் சுமப்பதில் பொருளில்லை.

இரண்டாவது, கம்பி. ஒரு மீட்டர் கம்பி எளிதாக முப்பது கிராம் வரும். இருபது சென்டிமீட்டர் குட்டைக் கம்பி அதில் பாதிகூட வராது, ஆற்றல் இழப்பும் சற்றுக் குறையும். உடலோடு இணைந்த கம்பி கொண்ட பவர் பேங்குகள் மறதிக்காரர்களுக்கு உதவும். ஆனால் முதலில் தேய்வது கம்பிதான் என்பதால், அது அறுந்த பிறகும் பயன்படத் தனியாக ஒரு செருகுவாய் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சிறு கருவிகள். காதொலிப்பான், கைக்கடிகாரம் போன்றவை இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. எதுவும் செருகப்படவில்லை என்று எண்ணிப் பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். இத்தகைய கருவிகள் இருப்பவர், குறைமின்னோட்ட முறை உள்ளதைத் தேர்வது அவசியம்.

## பாதுகாப்பும் விமானமும்

எடையைக் குறைப்பதற்காகப் பாதுகாப்பில் கைவைத்த பொருளை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பொருள்களும் தவறுவதுண்டு என்பதற்கு 2025 ஜூன் மாதமே சான்று: ஆங்கர் நிறுவனம் தன் பவர்கோர் 10000 வகையில் அமெரிக்காவில் மட்டும் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளைத் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றது. ஆனாலும் பெயருள்ள நிறுவனத்திடம் வாங்குவதில் ஒரு நன்மை உண்டு. பிழை தெரியவந்தால் அறிவிக்கவும் ஈடு செய்யவும் பொறுப்பானவர் ஒருவர் இருக்கிறார். பெயரில்லாப் பொருளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசன் விமானம் ஒன்று தீப்பற்றி எரிந்தது; பயணிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். பவர் பேங்க் ஒன்றின் உட்புற மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கக்கூடும் என்று இடைக்கால விசாரணை கூறியது. அதன் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும் என்பது எங்கும் உள்ள விதி. 100 முதல் 160 வாட்-மணி வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். சீனாவில் 2025 ஜூன் 28 முதல், அந்நாட்டின் கட்டாயப் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்குகளை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை. எமிரேட்ஸ் விமானங்களில் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று மட்டுமே அனுமதி. பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் கூடாது. வாட்-மணி எண் உடலில் தெளிவாக அச்சிடப்படாத பவர் பேங்கைச் சோதனைச் சாவடியில் பறிகொடுக்க நேரலாம் என்பதால், வாங்கும்போதே அந்த எழுத்து அழியாத வகையில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

## வாங்கி வந்ததும்

திருப்பிக் கொடுப்பதற்கான காலம் முடிவதற்குள் மூன்று சோதனைகளைச் செய்துவிட வேண்டும். சமையலறைத் தராசில் எடை போட்டு, விளம்பரத்தில் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். 100 கிராமுக்கு 26 வாட்-மணிக்கு மேல் வந்தால் அறிவித்த கொள்ளளவு பொய்யாக இருக்க வாய்ப்பு மிகுதி. அடுத்து, முழுமையாக நிரப்பிவிட்டு, செருகுவாய்க்கும் கம்பிக்கும் இடையில் ஒரு யுஎஸ்பி மின் அளவியைப் பொருத்தி, பவர் பேங்க் தானாக அணையும் வரை தொலைபேசிக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 30 வாட்-மணிக்கு மேல் காட்டினால் நன்று. 27-க்கும் கீழே போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அளவி இல்லாதவர், தொலைபேசியை அணைத்துவைத்து எத்தனை விழுக்காடு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு மேலே உள்ள அட்டவணையோடு ஒப்பிடலாம். மூன்றாவதாக, வேகமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் கழித்துக் கையில் எடுத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பானது, கையில் பிடித்திருக்க முடியாத சூடும், உறையில் எங்காவது தென்படும் சிறு உப்பலும் இயல்பானவை அல்ல. அப்படிப்பட்டதை உடனே கழற்றி, எரியும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, விற்றவரிடம் தெரிவிக்க வேண்டும். குப்பையில் போடக் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.